செச்சென் படித்த அண்ணை

மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்துக்குக் கீழே ஒரு தெப்பனர் இருந்தது. மூலைக்கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அண்ணை அங்கே பால் வாங்கப் போனால் நேரே உள்ளே போகமாட்டார். கதவுக்கு வெளியே நின்று, சொல்லப்போகும் பிரெஞ்சு வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். சரியாக வந்த பிறகுதான் கதவைத் தள்ளுவார். மாசிக் குளிரிலும் அப்படித்தான். மீசையில் பனி பிடித்திருக்கும்.

"அண்ணை, பாலை எடுத்து மேசையிலை வைச்சா அவன் காசை வாங்கிப்போட்டு விடுவான். வசனம் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அவன் ஏதும் கேட்டா?"

"தலையை ஆட்டிப்போட்டு வாங்கோ."

"அது சரிவராது தம்பி. ஒண்டும் சொல்லாமல் விடலாம். பிழையாச் சொல்லக்கூடாது."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மன்னார்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது கூட. பிரேசிலில் இறங்கி, கொலம்பியாவுக்கு வந்து, பனாமாக் காட்டை நடந்து கடந்து, பிறகு இன்னும் ஐந்தாறு எல்லைகளையும் கடந்து மொன்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்தவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு, பாங்கொக், ரொறொன்ரோ என்று ஓரிடத்தில் இருக்காமல் திரிந்து, இங்கே வந்து வீடு மாற்றுகிறவர்களின் சாமான் ஏற்றும் லொறி ஓட்டினேன். நிலத்துக்குக் கீழே ஒரு அறை, இரண்டு மெத்தை, ஒரு அடுப்பு. வாடகையைப் பங்கு போட ஆள் தேவைப்பட்டது. அவர் வந்தார். என் லொறியிலேயே அவருக்கு வேலையும் எடுத்துக் கொடுத்தேன்.

வந்து இரண்டு கிழமைக்குள் ஒரு கொப்பி வாங்கினார். பிரெஞ்சு படிக்கத்தான் என்று நினைத்தேன். போனில் போட்ட பாடத்தில் ஒரு பெண் ஏதோ சொல்லுவாள். அண்ணை தொண்டைக்குள் மீன்முள் சிக்கியவர்போல அதையே திருப்பிச் சொல்லுவார். நான் சோறு வடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இது என்ன பாஷை?"

"செச்சென்."

"அது எங்கை கிடக்கு?"

"ருஷ்யாவுக்குத் தெற்காலை. மலை."

"அங்கை போகப்போறியளே?"

"இல்லை."

பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டேன். இந்த நகரத்தில் தனியாக இருக்கும் ஆண்கள் விதம்விதமாகப் பொழுதைப் போக்குவார்கள். குடிக்காமல் இருந்தால் போதும்.

அந்த மொழியில் உள்ள சத்தங்களுக்குத் தமிழில் எழுத்து இல்லை. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் பெரிதாக உதவாத ஃ எழுத்துக்கு அண்ணை நிறைய வேலை கொடுத்தார். ச்ஹஃ, ஷிஃ, கோஃ, திஃ, ப்ஹிஃ. ஒன்றிலிருந்து ஐந்து. பாரம் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது அப்படித்தான் எண்ணுவார். எங்களுக்கு உயர்திணை அஃறிணை என்று இரண்டு. அவர்களுக்கு ஆறு வகை இருக்கிறதாம். ஒவ்வொரு பொருளும் எந்த வகை என்று தெரிந்தால்தான் வசனத்தை முடிக்கலாமாம். இதை எனக்குச் சொன்னபோது அவருடைய முகத்தில் கவலை தெரியவில்லை. ஒரு நிம்மதி இருந்தது. படித்து முடிக்க நாளாகும் என்ற நிம்மதி அது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் மாதத்தோடு முடியும். ஜூலை முதலாம் திகதி பாதி நகரம் மற்றப் பாதியின் வீட்டுக்குள் குடிபோகும். வீடுகளுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிகள். அந்தப் படிகளால் அலுமாரியும் கட்டிலும் இறக்குவதுதான் எங்கள் தொழில். அண்ணை வந்த முதல் ஜூலையில், மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தோம். கீழே எங்கள் தலைவர், ஒரு ஹெயிட்டிக்காரர். மேலே அண்ணையும் நானும். பிரிட்ஜைச் சுற்றிய பட்டி என் பக்கத்தில் இறுக்கமாக இருந்தது. அண்ணையின் பக்கத்தில் கொளுக்கி மெதுவாகக் கழன்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவருடைய வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் பிரெஞ்சில் வசனம் கட்டிக்கொண்டிருந்தார்.

பட்டி கழன்றது. பிரிட்ஜ் இரண்டு படி சறுக்கி, தலைவரின் வலது காலில் நின்றது. இரண்டு விரல்கள் முறிந்தன.

தலைவர் நல்ல மனிதர். படியில் இருந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "உன் நண்பர் வசனத்தை முடிக்கும்வரை என் கால்விரல் காத்திருக்கவில்லை" என்று என்னிடம் பிரெஞ்சில் சொன்னார். வேலைக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணை லொறிக்குள் ஏறி, போர்வைகளுக்கு நடுவில் போய் இருந்துவிட்டார்.

பின்னேரம் அறைக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மெத்தையில் இருந்தார்.

"அண்ணை, விரல் தானே. பொருந்தியிடும்."

"எனக்கு இது ரெண்டாம் தரம் தம்பி," என்றார்.

அன்றைக்குத்தான் இசாவைப் பற்றிச் சொன்னார். இசா செச்சென்காரன், இருபத்தாறு வயது. ருஷ்யாவின் போருக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஓடி வந்தவன். பனாமாக் காட்டில் அண்ணைக்குக் காய்ச்சல் வந்தபோது கூட வந்த தமிழ்ப் பொடியள் அவரை விட்டுவிட்டு நடந்துவிட்டார்கள். இசா நின்றான். அண்ணையின் பையையும் சேர்த்துத் தூக்கினான். ஆறு நாட்கள். இருவருக்கும் இடையில் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் செச்சென், மிச்சம் கை. இந்த நகரத்தின் வடக்குப் பக்கம், மொன்ட்ரியால்-நோரில் இசாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். போனைக் காட்டில் பறித்துவிடுவார்கள் என்று, அவள் தன் முகவரியை அவனுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தாள். வீட்டு இலக்கம், தெரு, கதவு இலக்கம். நடக்கும்போதெல்லாம் அவன் அதைப் பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே வந்தானாம். ஆறு நாட்களில் அண்ணைக்கும் பாடமாகிவிட்டது.

ஏழாம் நாள் ஒரு ஆறு. மழைத் தண்ணீர். கரைக்குக் கரை ஒரு கயிறு. அண்ணை முன்னால் கடந்து ஏறிவிட்டார். இசா நடு ஆற்றில் வந்துகொண்டிருந்தான். மேலேயிருந்து ஒரு பெரிய மரத்தடி மிதந்து வருவதை அண்ணை கண்டார். இசாவுக்கு அது முதுகுப் பக்கம்.

"சத்தம் போட்டிருந்தா அவன் திரும்பிப் பாத்திருப்பான்," என்றார். "கடல்லை நாங்கள் ஓய் எண்டு ஒரு சத்தம் போட்டா ரெண்டு வள்ளத்துக்கு அங்காலை கேக்கும். நான் அதைப் போடேல்லை. அவன்ரை பாஷையிலை 'பின்னாலை' எண்டதுக்கு என்ன சொல்லு எண்டு தேடிக்கொண்டு நிண்டனான். காலமைதான் அவன் சொல்லித் தந்தவன். வாயிலை வந்திட்டுது. வந்திட்டுது எண்டுதான் நிண்டனான்."

தடி அடித்தது. கயிற்றில் கை இல்லை. கீழே இரண்டு வளைவுக்கு அப்பால், பாறைக்கு இடையில் உடல் கிடந்தது. வேறு நாட்டுக்காரர் இரண்டு பேரோடு சேர்ந்து கரையில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். அண்ணைக்குத் தெரிந்த செபத்தை அண்ணை சொன்னார். அது கார்த்திகை மாதம்.

அவனுடைய அக்காவுக்குச் சொல்லத்தான் செச்சென். மூன்று சொற்கள்: உன், தம்பி, இறந்துவிட்டான். அதைப் பழகிக்கொண்டு வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போயிருக்கிறார். கதவு திறந்தது. அண்ணை முதலில் வணக்கம் சொன்னார், செச்செனில். அசெத், அதுதான் அக்காவின் பெயர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். ஒரு கறுத்த மனிதன், இந்த ஊரில், தன் மொழியில். "மர்ஷா வோகீல," என்று கூப்பிட்டாளாம். சுதந்திரமாக வா என்று பொருள். உள்ளே இருத்தி, தேத்தண்ணீர், ரொட்டி, இறைச்சியும் அவித்த மாத்துண்டும் உள்ளிச் சாறும். வந்தவனை எதற்கு வந்தாய் என்று கேட்பது அவர்களிடம் பழக்கமில்லை. அவள் கேட்கவில்லை. அண்ணை சாப்பிட்டார்.

"சாப்பிட்டாப்பிறகு எப்பிடித் தம்பி சொல்லுறது?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த ஞாயிறும் வா, நான் படிப்பிக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் போனார். தன்னுடைய தம்பியின் சாவைச் சொல்ல வந்தவனுக்கு அவளே சொல் சொல்லாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

குளிர் தொடங்கியபிறகு நான் லொறியில் கொண்டுபோய் விடுவேன். அப்படித்தான் எனக்கும் அந்த வீடு பழக்கம். அசெத்துக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு கர்தெறியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை. கணவர் இல்லை, ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏழு வயதில் ஒரு மகள், மதினா. அந்தப் பிள்ளை பிரெஞ்சுதான் கதைக்கும். அண்ணையின் உச்சரிப்பைக் கேட்டு மேசைக்கு அடியில் போய்க் கிடந்து சிரிக்கும். அசெத் ரொட்டியைத் தூக்கிக் காட்டுவாள். "பெபிக்," என்பார் அண்ணை. கதவைக் காட்டுவாள். "நெஃ." தண்ணீர், "ஹி." நல்ல பிள்ளையாகச் சொல்லுவார். அவளும் குழந்தைக்குச் சோறு தீத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாகக் கொடுப்பாள். அவருக்கு முன்னால் அவள் ஒருநாளும் வேகமாகக் கதைத்ததில்லை.

அது நல்ல வீடில்லை. சமையலறைச் சுவரின் மூலையில் கறுப்புப் பூஞ்சணம். துடைத்தால் பத்து நாளில் திரும்ப வரும். நான் எத்தனையோ வீடுகளுக்குள் போய்ச் சாமான் தூக்கியவன். சுவருக்குப் பின்னால் முழுக்க ஈரம் என்று மணத்திலேயே தெரிந்தது. மதினாவுக்கு மூச்சு இழுக்கும். சிரித்துச் சிரித்து வந்து, பிறகு நெஞ்சு விசிலடிக்க, தாயின் மடியில் கிடந்து மருந்தை உறிஞ்சும். வீட்டை மாற்று என்று வைத்தியர் இரண்டு தரம் சொல்லிவிட்டாராம். பக்கத்து நகரமான லாவாலில் அவளுடைய சொந்தக்காரி ஒருத்தி காய்ந்த சுவரோடு ஒரு வீடு பார்த்தும் வைத்திருந்தாள்.

"பிறகேன் மாறவில்லை?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"இசாவுக்கு இந்த முகவரி மட்டும்தான் தெரியும்," என்றாள். அவன் மெக்சிகோவிலோ அமெரிக்காவிலோ ஏதாவது முகாமில் இருப்பான், வெளியே விடும்போது நேரே இங்கேதான் வருவான் என்று சொன்னாள். அண்ணை கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது லொறியை ஓரமாக நிற்பாட்டினேன்.

"பிள்ளைக்கு இழுக்கிறதைப் பாத்தியள்தானே?"

"பாத்தனான்."

"அவன் வருவான் எண்டுதான் அந்த மனிசி அதுக்குள்ளை கிடக்குது. வீட்டுக்காரன் பங்குனியிலை கடிதம் குடுப்பான். ஒரு மாதத்துக்குள்ளை இருக்கிறதோ போறதோ எண்டு எழுதவேணும். திரும்ப ஒரு வருசத்துக்கு இருக்கிறன் எண்டுதான் எழுதப்போகுது."

"எனக்கு இன்னும் சரியா வரேல்லை காணும்."

"மூண்டு சொல்லுதானே!"

"மூண்டு சொல்லைச் சொல்லிப்போட்டு மரம்மாதிரி நிக்கிறதே? எப்பிடி நடந்தது எண்டு சொல்லவேணும். நான் பாத்துக்கொண்டு நிண்டதையும் சொல்லவேணும். அதுக்கு இன்னும் பாஷை காணாது."

"அப்ப பிரெஞ்சிலை சொல்லுங்கோ. அவவுக்கு நல்லா விளங்கும்."

"பிரெஞ்சிலை நான் பால் வாங்கிறனான்," என்றார்.

இன்னொரு நாள், தமிழ்ப் பூசைக்கு வரும் பாதரிடமாவது போய்ச் சொல்லுங்கள், மனம் ஆறும் என்றேன். "பாதரின்ரை தம்பியே செத்தது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். அவர் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு அந்தரம். நியாயமாகவே சொல்லிச் சொல்லி மாதங்கள் போயின. அவர் போக நினைத்த ஞாயிறுகளில் நான் லொறியை எடுக்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை. அங்கே சாப்பாடு நல்லாயிருக்கும்.

பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாடம் முடிந்து, நாங்கள் எழும்பும்போது அசெத் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். வீட்டுக்காரருக்கு. போகிற வழியில் பதிவுத் தபாலில் போடச் சொன்னாள். இருக்கிறேன் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டிருப்பதாகச் சொன்னாள். பக்கத்து அறையில் மதினா இருமிக்கொண்டிருந்தாள்.

நான் உறையைப் பிடித்துக்கொண்டு அண்ணையைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "இப்ப நீங்கள் சொல்லேல்லை எண்டா நான் பிரெஞ்சிலை சொல்லுவன். என்ரை பிரெஞ்சு லொறிப் பிரெஞ்சு. அதாலை எப்பிடிச் சொல்லுவன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

பிழையாகச் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான் அண்ணையை உசுப்பியது என்று நினைக்கிறேன். சட்டையின் மேல் தெறியைப் பூட்டினார். நேராக நின்றார். சொன்னார். மூன்று சொற்கள். ஒரு சத்தம்கூடப் பிசகவில்லை.

அசெத் அழவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதைக்கத் தொடங்கினாள். உரத்து இல்லை, வேகமாக, தாழ்ந்த குரலில், மூச்சு விடாமல். அண்ணை அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது எனக்கே தெரிந்தது. சொல்லுவதற்குத்தான் பத்து மாதத்துக்குமேல் படித்தார். அவள் திருப்பி ஏதாவது சொல்லுவாள் என்று அவரும் நானும் நினைக்கவில்லை.

அவள் நிறுத்தினாள். மறுமொழிக்குக் காத்திருந்தாள். கடைசி வசனத்தைத் திரும்பச் சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள், அதே வசனம், அதே வேகம். அண்ணையின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு அவள் பிரெஞ்சுக்கு மாறினாள். "எப்போது?"

"நவம்பர்," என்றார் அண்ணை. "போன வருடத்துக்கு முந்தின வருடம்."

"நீ மே மாதம் என் கதவைத் தட்டினாய்."

"ஓம்."

"வந்தவனிடம் நாங்கள் கேட்கமாட்டோம். வந்தவன் சொல்லவேண்டும்." பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமா?"

தெரியும் என்றேன். எனக்கு அந்த இடத்தில் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

அவள் கையை நீட்டினாள். உறையைக் கொடுத்தேன். கதவைத் திறந்து பிடித்தாள். நாங்கள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, வெளிப் படியில் வைத்துத்தான் போட்டோம்.

அதற்கடுத்த மூன்று நாட்களும் அந்த வீட்டுக்கு முன்னால் கார்கள் நின்றன. தொப்பி போட்ட ஆண்கள் வந்து, கையேந்திச் செபித்துவிட்டு, ஆளுக்கு ஒரு வசனம் சொல்லிப் போனார்கள். மூன்று நாளும் அண்ணை வேலைக்கு வராமல் தெருவின் மறுபக்கம் உருகிய பனிச் சேற்றில் நின்றார். மூன்றாம் நாள் பின்னேரம் நான் போய்க் கூப்பிட்டேன்.

"உள்ளுக்குப் போங்கோ, இல்லாட்டி வீட்டை வாங்கோ. ரெண்டுமில்லாமல் இதென்ன நிலை?"

"செத்த வீட்டிலை சொல்லுற வசனம் ஒண்டு இருக்குத் தம்பி. நடுவிலை ஒரு சத்தம் தொண்டைக்கு வருகுதில்லை," என்றார்.

ஜூலை முதலாம் திகதி அசெத் லாவாலுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். வேறு யாருடைய லொறியோ ஏற்றியது. நாங்கள் அன்றைக்கு வேறு ஆட்களின் பிரிட்ஜுகளை இறக்கிக்கொண்டிருந்தோம். பிள்ளைக்கு இப்போது எப்படி என்று விசாரிக்க எனக்கு முகம் இருக்கவில்லை.

அண்ணை படிப்பை விடவில்லை. முன்னையைவிடக் கூடப் படித்தார். அசெத் மூன்று தரம் சொன்ன அந்தக் கடைசி வசனத்தை, லொறியில் திரும்பி வரும்போதே கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டிருந்தார். ஒரு முழுப் பக்கத்துக்கு அந்த ஒரு வசனம்தான். அதற்குக் கீழே ஒவ்வொரு சொல்லாகப் பொருள் எழுதிக்கொண்டு வந்தார்.

"ஜான்-டலோன் சந்தையிலை பழக்கடையிலை ஒரு செச்சென்காரன் நிக்கிறான்," என்றேன். "கொண்டுபோய்க் காட்டினா அஞ்சு நிமிச வேலை."

"அது எனக்குச் சொன்ன வசனம் காணும். அவனுக்கு என்னத்துக்கு?"

"சரி, இதுவரைக்கும் என்ன விளங்கினது?"

கொப்பியைப் பார்க்காமலே சொன்னார். "'என்ரை கதவு' எண்டு இருக்கு. 'நீ' எண்டு இருக்கு. பேந்து, 'நான் சாகுமட்டும்' எண்டு வருகுது. கடைசிச் சொல்லுத்தான் விளங்கேல்லை. வா எண்டோ, வராதை எண்டோ."

ஐப்பசியில் எனக்கு வினிப்பெக்கில் ஒரு நீண்ட தூர லொறி கிடைத்தது. இருந்த இடத்தில் ஒன்றரை வருடத்துக்குமேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். புறப்பட்ட காலை அண்ணை எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். கொப்பி மேசையில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் கடைசிச் சொல்லுக்குக் கீழே இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"கொஞ்ச நாள்," என்றார். "விளங்கியிடும்."

நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். மற்றச் சொற்களுக்கெல்லாம் அவர் போனில்தான் பொருள் தேடினார். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.